கொழுப்புக்குப் புளிப்பு: ட்ரெண்டினோ மேசையில் எந்த உணவுக்கு எந்த ஒயின்?

மீனுக்கு வெள்ளை ஒயின், இறைச்சிக்குச் சிவப்பு ஒயின் என்று ஒரு வாய்பாடு உண்டு. ஒயினை வாயில் வைத்தே பார்க்காதவர்கள்கூட அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அதை நம்பி வடக்கு இத்தாலியின் மலைப்பகுதியான ட்ரெண்டினோவில் சாப்பிட உட்கார்ந்தால் முதல் தட்டிலேயே குழப்பம் வரும். மரப்பலகையில் சீவல் சீவலாகப் பன்றி இறைச்சி வரும், பக்கத்துக் கிளாஸில் வெள்ளை நுரை ஒயினை ஊற்றுவார்கள். சிவப்பை விட்டுவிட்டு வெள்ளையைத் தருகிறார்களே என்று தோன்றும். சாப்பிட்டுப் பார்த்தால் பொருத்தமாகவே இருக்கும்.

ஏன் பொருந்துகிறது என்பது புரிந்துவிட்டால் வாய்பாடு தேவைப்படாது. உணவோடு ஒயினை ஜோடி சேர்க்கக் கற்றுக்கொள்ள ட்ரெண்டினோ நல்ல பள்ளிக்கூடம். சமையல் எளிமையானது, சுவைகள் வெளிப்படையானவை, ஒயின் வகைகளும் தலைசுற்றும் அளவுக்கு இல்லை.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஆதிஜே ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடிவரும் பள்ளத்தாக்குதான் ட்ரெண்டினோவின் முதுகெலும்பு. தலைநகர் ட்ரெண்டோ. தென்மேற்கு மூலையில் கார்டா ஏரி, வடக்கே ஜெர்மன் பேசும் தென் டிரோல். முதல் உலகப்போர் முடியும்வரை இந்தப் பகுதி முழுவதும் ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. அதனால்தான் மக்காச்சோளக் களியான இத்தாலிய போலெந்தாவும், மெல்லிய மாவில் பழத்தைச் சுருட்டிச் சுடும் ஆஸ்திரிய ஸ்ட்ரூடெலும் ஒரே மேசையில் சகஜமாக வருகின்றன.

மலைக் குளிர்காலம் நீளமானது. பழைய நாட்களில் அதைத் தாண்ட உதவியவை, உப்பிட்டுப் புகையூட்டிய இறைச்சி, பாலாடைக்கட்டி, வெண்ணெய், பன்றிக்கொழுப்பு, காய்ந்த ரொட்டி, மக்காச்சோள மாவு, ஊறவைத்த முட்டைக்கோஸ். ஆக, தட்டில் எப்போதும் கொழுப்பு, உப்பு, புகை, மாவு என நான்கும் இருக்கும். திராட்சைத் தோட்டங்களோ மலைச்சரிவில் படிப்படியாக ஏறுகின்றன. பகலில் நல்ல வெயில், இரவில் சில்லென்று குளிர். வெயிலில் பழம் இனிப்பேறும், இரவுக் குளிர் அதன் புளிப்பைக் காப்பாற்றும். சமவெளி வெக்கையில் இந்தப் புளிப்பு சீக்கிரம் கரைந்துபோய்விடும். மலையில் தங்குகிறது. அந்தப் புளிப்புதான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன்.

அடுத்த வாய்க்கு வழிவிடுவது

ஒயினும் உணவும் சேர்வது பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் பேசுவார்கள். ஆரம்பிப்பவருக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: ஒரு வாய் சாப்பிட்டு, ஒரு மடக்குக் குடித்தபின் இன்னொரு வாய் சாப்பிடத் தோன்றுகிறதா? தோன்றினால் ஜோடி சரி. வாயில் எண்ணெய்ப் படலம் அப்படியே நின்றாலோ, கசப்பு ஏறினாலோ, ஒயின் தண்ணீர்போல ஆகிவிட்டாலோ ஜோடி தப்பு.

நெய் ஒழுகும் வெண்பொங்கலுக்குக் கத்தரிக்காய் கொத்சு எதற்கு என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. புளி இல்லாமல் நாலு வாய்க்கு மேல் பொங்கல் இறங்காது, அவ்வளவுதான். ட்ரெண்டினோவில் கொத்சு பார்க்கும் வேலையை ஒயின் பார்க்கிறது.

இனி அந்த மரப்பலகைக்கே வருவோம். அதில் இருப்பது ஸ்பெக். பன்றித் தொடையை எலும்பு நீக்கி, உப்பும் மசாலாவும் தடவி, 20 டிகிரிக்கு மேல் போகாத இளம்புகையில் காட்டி, பிறகு மலைக்காற்றில் பல வாரங்கள் உலர்த்துவார்கள். பேர்போன தென் டிரோல் ஸ்பெக்குக்குச் சராசரியாக 22 வாரம் ஆகும். ஒரு சீவலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் கருஞ்சிவப்புச் சதை, ஓரத்தில் விரலகல வெள்ளைக் கொழுப்பு, அதற்கும் வெளியே மசாலா ஒட்டிய பழுப்பு விளிம்பு. கொழுப்பை வெட்டி ஒதுக்கிவிடாமல் சேர்த்தே சாப்பிட வேண்டும், சுவையெல்லாம் அதில்தான் இருக்கிறது. மென்றதும் முதலில் உப்பு, அப்புறம் புகை, கடைசியில் நாக்கு முழுக்க ஒரு வழவழப்பு.

இப்போது நுரை ஒயினில் ஒரு மடக்கு. புளிப்பு எச்சிலைச் சுரக்கவைக்கிறது. குமிழிகள் நாக்கைக் குறுகுறுக்க வைக்கின்றன. வழவழப்பு போய்விடுகிறது. உப்பு மட்டும் இனிமையாக மிஞ்சுகிறது. ஒயின்கூட முன்பைவிடக் குறைவான புளிப்போடு தெரிகிறது, ஏனென்றால் உப்பு புளிப்பைத் தணித்துக் காட்டும். இரண்டுமே ஒன்றையொன்று திருத்துகின்றன. அதே சீவலோடு துவர்ப்பு மிகுந்த கனமான சிவப்பு ஒயினைக் குடித்தால் புகையும் துவர்ப்பும் சேர்ந்து வாய் கரித்துண்டைக் கடித்ததுபோல ஆகும். மென்மையான சிவப்பாக இருந்தால் தப்பிக்கலாம்.

இந்த நுரை ஒயினின் பெயர் ட்ரெண்டோடாக். ஜூலியோ ஃபெராரி என்பவர் ட்ரெண்டோ அருகிலுள்ள சான் மிக்கேலே வேளாண் பள்ளியில் படித்தவர். ஷாம்பெயின் செய்யும் முறையைப் பிரான்சில் பார்த்துவிட்டு வந்து, தம் ஊர் மலையிலும் அதே குளிர், அதே புளிப்பு இருக்கிறதே என்று 1902 இல் ஃபெராரி நுரை ஒயின் நிறுவனத்தைத் தொடங்கினார். வாரிசு இல்லாததால் 1952 இல் ட்ரெண்டோவில் ஒயின் கடை வைத்திருந்த புரூனோ லுனெல்லியிடம் நிறுவனத்தை ஒப்படைத்தார். கார் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ட்ரெண்டோடாக்குக்குப் பெரும்பாலும் ஷார்டனே திராட்சை, கூடவே பினோ நீரோ. இரண்டாவது முறை நொதிப்பது பாட்டிலுக்குள்ளேயே நடக்கும். பிறகு ஈஸ்ட் வண்டலோடு குறைந்தது 15 மாதம் கிடக்க வேண்டும், ரிசெர்வா என்றால் 36 மாதம். அந்த வண்டல்தான் ரொட்டி வாசத்தையும் லேசான வேர்க்கடலைச் சுவையையும் தருகிறது. ஆகவே நீண்டநாள் கிடந்த ட்ரெண்டோடாக்கோடு ட்ரெண்டின்கிரானா பாலாடைக்கட்டித் துண்டுகளைச் சாப்பிட்டுப் பாருங்கள். முதிர்ந்த கட்டியில் பல்லில் நறுக்கென்று கடிபடும் சின்னச் சின்னப் படிகங்கள் இருக்கும். அந்த உப்புக்கும் இந்தக் குமிழிக்கும் அப்படியொரு ஒற்றுமை. விருந்தாளிகளுக்கு ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்கச் சொல்வேன்.

துவர்ப்பு எங்கே உதவும்?

சிவப்பு ஒயினில் புளிப்போடு துவர்ப்பும் உண்டு. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின்தான் காரணம். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். எச்சிலில் உள்ள புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் நாக்கு காய்ந்ததுபோல ஆகிறது. வாயில் ஏற்கெனவே இறைச்சிப் புரதமும் கொழுப்பும் இருந்தால் டானின் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், நாக்கு தப்பித்துவிடும். கறிக்குச் சிவப்பு என்ற பழைய வாய்பாட்டின் பின்னால் இருக்கும் சங்கதி இதுதான்.

ட்ரெண்டினோவின் பெருமைக்குரிய சிவப்பு, டெரோல்டெகோ. ட்ரெண்டோவுக்கு வடக்கே, நோசே ஆறு கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல் படுகைமீது ரோட்டாலியானா என்ற சின்னச் சமவெளி இருக்கிறது. சுற்றிலும் சுவர்போலச் செங்குத்துப் பாறைகள். பகலில் வாங்கிய சூட்டைப் பாறைகள் மெல்லத் திருப்பித் தரும். டெரோல்டெகோவுக்குப் பேர் வாங்கித் தந்தது இந்தச் சமவெளிதான். கிளாஸில் ஊற்றினால் நாவல்பழச் சாறு மாதிரி கருநீலமாக இருக்கும். நிறத்தைப் பார்த்து முரட்டு ஒயின் என்று பயந்துவிட வேண்டாம். துவர்ப்பு மிதமாகத்தான் இருக்கும், புளிப்புதான் தூக்கலாக இருக்கும். கடைசியில் இளங்கசப்பு ஒன்று தட்டும்.

இதற்கு ஏற்றது மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சி, மான்கறி, லுகானெகா என்ற பன்றித் தொத்திறைச்சி. அடியில் எப்போதும் போலெந்தா. ஸ்டோரோ கிராமத்து மக்காச்சோள மாவைச் செப்பு அண்டாவில் முக்கால் மணிநேரம் கிளறி எடுத்த மஞ்சள் களி. களிக்குத் தனிச் சுவை அதிகம் இல்லை, குழம்பை வாங்கிக்கொள்ளும். அதனால் ஒயினைத் தேர்ந்தெடுக்கும்போது களியை மறந்துவிட்டு மேலே ஊற்றியிருப்பதை மட்டும் பாருங்கள். காளான் குழம்பு ஊற்றியிருந்தால் டெரோல்டெகோ கொஞ்சம் அதிகப்படி. மார்செமினோ போதும். தெற்கே இஸேரா பக்கம் விளையும் மென்மையான, ஊதா நிறச் சிவப்பு அது. மோட்சார்ட்டின் 'டான் ஜொவானி' இசைநாடகத்தில் நாயகன் தன் கடைசி விருந்தில் கேட்டுக் குடிப்பது இந்த ஒயின்தான்.

கார்னே சலாடா என்று ஓர் உணவு இருக்கிறது. கார்டா ஏரியின் வடகரைப் பக்கத்துச் சரக்கு. மாட்டிறைச்சியை உப்பு, மிளகு, பூண்டு, பிரிஞ்சி இலை, ஜூனிப்பர் காய் போட்டுச் சில வாரம் ஊறவைப்பார்கள். இதை இரண்டு விதமாகப் பரிமாறுவார்கள். பச்சையாக மெல்லிதாகச் சீவி ஆலிவ் எண்ணெய் விட்டால், குளிர்ந்த வெள்ளை. கல்லில் இரண்டு பக்கமும் நொடிப்பொழுது வாட்டி, வேகவைத்த பீன்ஸ் பயறோடு வைத்தால், சிவப்பு. இறைச்சி ஒன்றுதான், வாட்டியதில் ஏறும் கருகல் மணமும் பயறின் கனமும்தான் ஒயினை மாற்றுகின்றன. எந்த இறைச்சி என்பதைவிட எப்படிச் சமைத்தார்கள் என்பதைக் கேட்பது எவ்வளவோ மேல்.

மீனுக்கும் ஒரு வார்த்தை. சிவப்பு ஒயினிலுள்ள இரும்பு, மீன் கொழுப்போடு சேரும்போது துருப்பிடித்த கரண்டியை நக்கியது மாதிரி ஒரு வாடை வரும். கொழுப்பு மிகுந்த கடல்மீனில்தான் இந்தத் தொல்லை அதிகம். ட்ரெண்டினோவின் மலை ஓடைகளில் வளரும் டிரௌட் மீனுக்கு நொசியோலா என்ற உள்ளூர் வெள்ளை வெகு பொருத்தம். அடக்கமான ஒயின், லேசான ஹேசல்நட் மணம். மீனை அமுக்கிவிடாது.

புளித்ததும் நாறுவதும்

ஊறவைத்த முட்டைக்கோஸுக்கு அங்கே கிரௌத்தி என்று பெயர். புகையூட்டிய பன்றி இறைச்சியோடு வரும். இங்கே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளலாம். உணவில் புளிப்பு இருந்தால் ஒயினில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் புளிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். மரப்பீப்பாயில் வைத்து வெண்ணெய் மணம் ஏறிய விலையுயர்ந்த ஷார்டனேயைக் கிரௌத்தியோடு குடிப்பது காசைக் கரியாக்குவது. செம்ப்ரா பள்ளத்தாக்கின் முல்லர் துர்காவ் போதும், விலையும் குறைவு. 1882 இல் ஹெர்மன் முல்லர் என்ற சுவிஸ் அறிஞர் ஜெர்மனியில் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய திராட்சை இது. ஜெர்மனியின் சமவெளிகளில் அளவுக்கு மிஞ்சி விளைவித்துப் பேரைக் கெடுத்துக்கொண்டது. செம்ப்ராவில் செங்குத்தான சரிவில், கருஞ்சிவப்புப் பாறைகளை அடுக்கிக் கட்டிய கல்வரப்புகளுக்கு மேலே, டிராக்டர் ஏற முடியாத படிகளில் விளையும்போது வேறு ஆளாகிவிடுகிறது. பச்சை ஆப்பிள், புதினா, காட்டுப்பூ மணம், நாக்கைச் சுண்டும் புளிப்பு.

கனெடெர்லிதான் சிக்கலான கேஸ். காய்ந்த ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, முட்டையும் ஸ்பெக்கும் சேர்த்து எலுமிச்சையைவிடப் பெரிய உருண்டைகளாகப் பிடித்து, சூடான இறைச்சிச் சாற்றில் மிதக்கவிட்டுத் தருவார்கள். கொதிக்கும் சாறு ஒரு வாய், குளிர்ந்த ஒயின் ஒரு வாய் என்று மாற்றி மாற்றிக் குடித்தால் இரண்டின் ருசியும் தெரியாது. சாற்றோடு வந்தால் ஒயினை ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டு முடிப்பதே என் பழக்கம். சாறு இல்லாமல் உருக்கிய வெண்ணெயும் சேஜ் இலையும் ஊற்றி வந்தால் கதை வேறு. வெண்ணெய்க்குப் புளிப்பு, ட்ரெண்டோடாக்கோ நொசியோலாவோ. வெளிறிய சிவப்பான ஸ்கியாவாவை லேசாகக் குளிரவைத்துக் கொடுத்தாலும் நன்றாகச் சேரும். தென் டிரோல்காரர்கள் அப்படித்தான் குடிக்கிறார்கள்.

வசந்தகாலத்தில் ட்ரெண்டோவுக்கு வடக்கே ட்ஸம்பானா கிராமத்தில் வெள்ளை ஆஸ்பராகஸ் வரும். இதற்குச் சிவப்பு ஒயின் எதிரி. வாயில் உலோகச் சுவை ஏறிவிடும். மணமுள்ள இளம் வெள்ளை மட்டும்.

பாலாடைக்கட்டியில் 'புட்ஸோனே தி மோயேனா' என்று ஒன்று. 'நாற்றம் பிடித்தது' என்ற பெயருக்கு ஏற்ற நாற்றம்தான். முற்றும்போது அதன் தோலை வெதுவெதுப்பான உப்புநீரால் அடிக்கடி துடைப்பதால் மேலே பாக்டீரியா வளர்ந்து தோல் பிசுபிசுக்கும், தொழுவ வாசம் வரும். உள்ளே சதை மென்மையாக, இனிப்பும் உப்புமாக இருக்கும். நாற்றமடிக்கும் கட்டிக்குக் கனமான சிவப்பு என்று பலர் நினைக்கிறார்கள். துவர்ப்பும் அந்தத் தோலின் வாசமும் சேர்ந்தால் கசப்புதான் மிஞ்சும். ரோஜாவும் லிச்சியும் மணக்கும் ட்ராமினர் வெள்ளையோ, இனிப்பு ஒயினோதான் இதை அடக்கும்.

இனிப்புக்கு இனிப்பு

பிறந்தநாள் கேக்கோடு 'புரூட்' நுரை ஒயினைத் திறப்பது உலகெங்கும் நடக்கும் அநியாயம். புரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. கேக்கைத் தின்ற வாய்க்கு அது வெறும் எலுமிச்சைச் சாறு. இனிப்புப் பண்டத்தோடு குடிக்கும் ஒயின் பண்டத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும். இதற்கு மட்டும் நான் விலக்கு சொல்லமாட்டேன்.

ட்ரெண்டினோவில் அதற்கென்றே வினோ சான்டோ இருக்கிறது. கார்டா ஏரிக்கும் ட்ரெண்டோவுக்கும் இடையே ஏரிகள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கு. அங்கே நன்றாகப் பழுத்த நொசியோலா குலைகளைப் பறித்து, பரணில் அடுக்கடுக்கான தட்டிகளில் பரப்பிவிடுவார்கள். மதியமானால் ஏரியிலிருந்து 'ஓரா' என்ற காற்று கிளம்பிப் பள்ளத்தாக்கு வழியாக வரும். பரண் சன்னல்களைத் திறந்து அதை உள்ளே விடுவார்கள். இலையுதிர்காலத்தில் வைத்த பழம் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம்வரை அப்படியே காயும். உள்ளே ஒரு நல்ல பூஞ்சணமும் பிடித்து நீரை வற்றவைக்கும். சுருங்கிய பழத்தைப் பிழிந்தால் வருவது தேன்போலக் கெட்டியான கொஞ்சூண்டு சாறு. அது சின்னப் பீப்பாய்களில் வருடக்கணக்கில் மெல்ல நொதிக்கும். பேரீச்சை, உலர்ந்த அத்தி, தேன் மணம். இத்தனை இனிப்பிலும் திகட்டாததற்குக் காரணம் நம் கதாநாயகன்தான், பழம் காயும்போது சர்க்கரையோடு சேர்ந்து புளிப்பும் அடர்த்தியாகிவிடுகிறது. உலர்பழமும் கொட்டையும் திணித்த கிறிஸ்துமஸ் கேக்கான ட்ஸெல்டனுக்கும், கையால் உடைத்துத் தின்னும் பாதாம் பொடியப்பமான ஃப்ரெகோலோட்டிக்கும் இது ஜோடி. ஆப்பிள் ஸ்ட்ரூடெலுக்கு இவ்வளவு கனம் வேண்டாம், மஞ்சள் மொஸ்காட்டோவில் செய்த இனிப்பு ஒயின் போதும்.

கிராப்பா

ஒயின் பிழிந்தபின் மிஞ்சும் தோலையும் விதையையும் வீணாக்காமல் காய்ச்சி வடித்தால் கிராப்பா. குறைந்தது 37.5 சதவீதம் ஆல்கஹால். ட்ரெண்டினோவில் பல பட்டறைகளில் சக்கையை நேரடி நெருப்பில் வைப்பதில்லை. கொப்பரையைச் சுற்றி வெந்நீர் உறை இருக்கும், அதனால் அடிப்பிடிக்காது. முதலில் வடிவதும் கடைசியில் வடிவதும் ஒதுக்கப்படும். முதலில் வருவதில் மூக்கைத் துளைக்கும் நெடி, கடைசியில் வருவதில் எண்ணெய்ப்பிசுக்கு. நடுவில் வடிவதுதான் பாட்டிலுக்குப் போகும். நல்லதா என்று பார்க்க, ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுத் தேய்த்து, ஆல்கஹால் ஆவியானபின் முகர்ந்து பாருங்கள். திராட்சையும் பூவும் மணந்தால் சரி. எரிந்த வாடை வந்தால் வேண்டாம்.

சாப்பாட்டோடு கிராப்பா குடிப்பது குறைவு. 40 சதவீத ஆல்கஹால் நாக்கை மரக்கச் செய்துவிடும், அப்புறம் சாப்பாடு எதற்கு? முடித்தபிறகு சின்னத் துலிப் கிளாஸில் இரண்டு மடக்கு. மரத்தில் வைக்காத இளம் கிராப்பாவை நன்றாகக் குளிரவைத்து ஸ்ட்ரூடெலோடு தரலாம். பீப்பாயில் 12 மாதத்துக்கு மேல் கிடந்து பொன்னிறமான கிராப்பாவோடு, சர்க்கரை குறைந்த கறுப்பு சாக்லேட் ஒரு துண்டு. கசப்பும் மரத்தின் வனிலா மணமும் நன்றாகக் கூடும். காப்பியில் ஒரு சொட்டு விட்டுக்கொள்வதும் உண்டு.

கிராப்பா செரிமானத்துக்கு நல்லது என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் சத்தியம் செய்வார்கள். சூரிக் நகரில் உருக்கிய பாலாடைக்கட்டியான ஃபாண்டுவோடு ஒயினையும் சாராயத்தையும் கொடுத்துச் சோதித்து 2010 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். ஆல்கஹால் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது என்பதுதான் முடிவு. ருசிக்காகக் குடிக்கிறோம் என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

வாங்கும்போது

நுரை ஒயின் லேபிளில் 'மெட்டோடோ கிளாசிக்கோ' என்று இருந்தால் பாட்டிலுக்குள் இரண்டாவது முறை நொதித்தது என்று அர்த்தம். ட்ரெண்டோடாக்கில் அது கட்டாயம். சிவப்பை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது குளிர்நாட்டு நிலவறைக்குச் சொன்னது. 30 டிகிரி அடிக்கும் அறையில் டெரோல்டெகோ கஷாயம் மாதிரி இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்து 16, 17 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். நுரை ஒயின் 7, 8 டிகிரியில் இருக்கட்டும். அதைவிடக் குளிர்ந்தால் மணமே எழாது.

குடிக்காதவர்கள் இந்த மேசையில் வெறும் தண்ணீரோடு உட்கார வேண்டியதில்லை. ட்ரெண்டினோவின் நோன் பள்ளத்தாக்கு ஆப்பிளுக்குப் பேர்போனது. சர்க்கரை சேர்க்காத, புளிப்பு ஆப்பிள் சாறு கிடைக்கும், ஸ்பெக்கோடு அதே வேலையைச் செய்யும். மலையோரங்களில் கோடையில் பூக்கும் எல்டர் பூங்கொத்துகளை எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்து ஊறவைத்துப் பாகெடுப்பார்கள். அதில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு சோடா, நிறைய எலுமிச்சை, இரண்டு புதினா இலை. வெண்ணெய் ஊற்றிய கனெடெர்லிக்கு நொசியோலாவுக்கு அடுத்தபடியாக நான் கேட்பது இதைத்தான்.